உப்பக்காவின் தண்ணீர்

அவளுக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் ஒரு வாளி. மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் வாளி நிறைய உப்பை, லிஃப்ட் நின்றுபோன ஒரு நாளில், நான்காவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஏறினாள். கணவர் ஊரில் உள்ள லிஃப்ட்களை எல்லாம் ரிப்பேர் பார்க்கிறவர். சொந்தக் கட்டடத்து லிஃப்டில் மட்டும் கைவைக்க அவருக்கு உரிமை இல்லை, அது வேறு கம்பெனியுடையது. இரண்டாம் மாடியில் அவள் மூச்சு வாங்க நின்றபோது, கதவைத் திறந்த பெண்மணி வாளியைப் பார்த்துவிட்டு, "என்னங்க, உப்பளம் ஏதாவது நடத்துறீங்களா?" என்று கேட்டாள். விளையாட்டுக்குத்தான் கேட்டாள். மறுநாள் கட்டடம் முழுக்க அவள் உப்பக்கா ஆகிவிட்டாள்.

அதற்கு முன் பார்லர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கட்டடத்தின் தரைத்தளத்தில், மருந்துக்கடைக்கும் தையல்கடைக்கும் நடுவில் அவளுடைய பார்லர். இரண்டு நாற்காலி, தலை கழுவ ஒரு பேசின், சுவர் நீளத்துக்குக் கண்ணாடி, எந்நேரமும் ஓடும் ஏ.சி. காலையில் நின்றால் சாயங்காலம்வரை நின்றபடிதான். சுருட்டை முடியை நீட்டுவாள், நீட்டு முடியைச் சுருட்டுவாள், வெள்ளையைக் கறுப்பாக்குவாள். இருப்பதில் யாருக்கும் திருப்தி இல்லாததால்தான் தன் பிழைப்பு ஓடுகிறது என்று சொல்லிச் சிரிப்பாள். நல்ல வாய்க்காரி. அடுத்தவருக்காகச் சண்டை போடச் சொன்னால் தெருவையே ரெண்டாக்கிவிடுவாள். தனக்கென்று ஒன்றைக் கேட்க வேண்டி வந்தால் மட்டும் அந்த வாய் எங்கே போய் ஒளியுமோ தெரியாது.

தொட்டி விஷயத்திலும் அதுதான் நடந்தது. படுத்த படுக்கையாக இருந்த ஒரு வாடிக்கையாளருக்கு வீட்டுக்கே போய் முடி வெட்டினாள். அந்த வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடித் தொட்டி, நீல வெளிச்சத்தில். உள்ளே கல்மேல் கல்லாக அடுக்கிய ஒரு சின்னக் குன்று. அதன்மேல் பச்சையும் ஊதாவுமாக ஏதோ விரல் விரலாக நீட்டிக்கொண்டு அசைந்தது. செடி என்று நினைத்தாள். "செடி இல்லீங்க, பவளம். உயிரு. தீனி போட்டா வாயைத் திறக்கும்" என்றார்கள் அந்த வீட்டில். வெட்டிய முடியைக் கூட்டி அள்ளாமல், கையில் சீப்போடு அப்படியே நின்றுவிட்டாள். வீட்டுக்கு வந்தபோது ஆசை தலைக்கேறியிருந்தது.

ஆசையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகலாமே? சொல்லவில்லை. கணவரிடம், "மீனையே பாத்துட்டிருந்தா பிரஷர் குறையுமாம், உங்களுக்கு நல்லதுங்க" என்றாள்.

"எனக்கு ஏதும்மா பிரஷர்?"

"வந்துட்டா என்ன பண்றது?"

வெளியூரில் வேலை பார்க்கும் மகளிடம், "அப்பா ஆசப்படுறாரு" என்றாள். பார்லரில் கேட்டவர்களிடம், "மக வாங்கிக் குடுத்தா" என்றாள். ஒரு தொட்டியை வீட்டுக்குள் கொண்டுவர அவளுக்கு மூன்று பொய் வேண்டியிருந்தது. மனைவிக்கு எதன்மேல் கண் என்று கணவருக்குத் தெரியாமல் இல்லை. அவர் பேசாமல் சுவரோரம் இடம் ஒதுக்கி, கனம் தாங்குகிற இரும்பு ஸ்டாண்ட் ஒன்றைத் தானே வெல்டிங் வைத்துக் கொண்டுவந்தார்.

தொட்டி வந்த பிறகுதான் தெரிந்தது, மீனையும் பவளத்தையும்விடத் தண்ணீரைப் பார்த்துக்கொள்வதுதான் பெரிய பாடு என்று. கட்டடத்துத் தண்ணீர்மேல் அவளுக்கு ஏற்கெனவே நல்ல அபிப்பிராயம் கிடையாது. பாதி போர் தண்ணீர், பாதி லாரி தண்ணீர். குழாய் வாயில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டும். அதில் நாலு தடவை அலசினால் அவள் பூசிய டை வெளுத்துப்போகும், திட்டு அவளுக்கு விழும். பவளத்துக்கு வேண்டிய கடல் உப்பை அந்தத் தண்ணீரில் கரைத்து ஊற்ற மனம் வரவில்லை. கேன் தண்ணீர் வாங்கினாள். மனிதர் குடிக்கிற தண்ணீர் பவளத்துக்கு ஆகாமலா போகும் என்று நினைத்தாள். ஆகவில்லை. குடிக்கிற தண்ணீரில் மிச்சமிருக்கும் சத்துகளைத் தின்று பாசி கொழுத்தது. கல், கண்ணாடி, மோட்டார் என்று தொட்ட இடமெல்லாம் பச்சை வழவழப்பு. பழைய டை பிரஷ்களை வைத்து உட்கார்ந்து தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க வளர்ந்தது.

வழி சொன்னவர், தொட்டியும் வண்ணமீனும் விற்ற மீன்கடைக்காரர். "அக்கா, கடலுக்கு வேண்டியது பூரா அந்த உப்பு வாளிக்குள்ள இருக்கு. தண்ணில வேற ஒண்ணுமே இருக்கக் கூடாது. வெறும் தண்ணி. அவ்வளவுதான்."

ஒன்றுமே இல்லாத தண்ணீர் எங்கும் விற்பதில்லை, நாமே செய்துகொள்ள வேண்டும். சமையலறைச் சுவரில் நான்கு குழல்கள் வரிசையாக ஏறின. முதல் குழல் மண்ணையும் துருவையும் பிடிக்கும். அடுத்ததில் கரி, லாரி தண்ணீரின் குளோரினை அது விழுங்கும். மூன்றாவதில் ஆர்.ஓ. சவ்வு, அது தண்ணீரை மட்டும் விட்டு, கரைந்திருப்பதைக் கழிவோடு வெளியே தள்ளும். கடைசிக் குழலில் ரெசின் மணிகள். அதுவரை தப்பி வந்த மிச்சம் மீதியை அவை பிடித்துக்கொண்டு நிறம் மாறும். எல்லாம் தாண்டி வரும் தண்ணீரில் பேனா மாதிரி ஒரு மீட்டரை முக்கினால் பூஜ்யம் காட்ட வேண்டும். பூஜ்யம் காட்டிய அன்று அவள் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினாள், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள், மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினாள். 'பரீட்சையில நான் வாங்கியிருந்தா இவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பியா?' என்று மகள் பதில் அனுப்பினாள்.

பூஜ்யம் சும்மா வரவில்லை. ஒரு வாளி நல்ல தண்ணீருக்கு மூன்று வாளி கழிவு. மெல்லிய ட்யூப் ஒன்று அதைக் கொண்டுபோய்ப் பாத்திரம் கழுவும் சிங்கில் விட்டது. தொட்டியில் தினமும் ஆவியாகிப் போகும் அளவுக்கு ஈடு ஊற்ற வேண்டும். உப்பு ஆவியாகாது, தொட்டியிலேயே தங்கிவிடும்; அதனால் வெறும் தண்ணீரையே ஊற்ற வேண்டும். வாரம் தவறாமல் கொஞ்சம் பழைய தண்ணீரை எடுத்துவிட்டு, உப்புக் கரைத்த புதுத் தண்ணீர் விட வேண்டும். ஆக, அந்தக் குழல்கள் ஓயவில்லை, சிங்கில் விழும் தண்ணீரும் ஓயவில்லை. அதைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை. அது தப்புதான்.

கோடை வந்தது. லாரி வருவது குறைந்தது. கட்டடச் சங்கத்தின் செகரட்டரி ஓய்வுபெற்ற அதிகாரி. கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது, ஆனால் எந்த வீட்டில் குழாய் சொட்டுகிறது என்று மாடி மாடியாக ஏறிச் சுவரில் காதை வைத்துக் கேட்கிற ஆள். நான்காவது மாடிக் கழிவுக் குழாய்க்குள் ஓயாமல் தண்ணீர் ஓடும் சத்தம் அவர் காதில் விழுந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டி நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுக் கூட்டம் கூட்டிவிட்டார்.

"நாங்க குளிக்கிறதுக்கே அளந்து ஊத்துறோம். உங்க மீனு மட்டும் சுத்தத் தண்ணிலதான் குளிக்குமாமே?" என்றாள் இரண்டாம் மாடிப் பெண்மணி. எல்லாரும் சிரித்தார்கள்.

"ஒரு வாளிக்கு மூணு வாளி சாக்கடைக்குப் போகுதும்மா" என்றார் செகரட்டரி. "இருக்கிற நெலமைல இது தேவையா? என்ன அவசியம், நீங்களே சொல்லுங்க."

சொல்ல வேண்டியது நாக்கு நுனிவரை வந்தது. வந்தது அப்படியே திரும்பிப் போய்விட்டது. "அவருக்குப் பிரஷருங்க" என்றாள்.

மொத்தக் கூட்டமும் திரும்பிக் கணவரைப் பார்த்தது. கடைசி வரிசையில் கல்லுக்குண்டு மாதிரி உட்கார்ந்திருந்த மனிதர், மனைவியைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல், அவசரமாக நெஞ்சைத் தடவிக்கொண்டார். பிறகு அது பொருந்தவில்லை என்று பட்டதோ என்னவோ, தலையையும் ஒரு தடவை பிடித்துக்கொண்டார். இந்த முறை சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து நின்றாள். "சரிதாங்க! இனிமே உங்க தண்ணி ஒரு சொட்டு என் தொட்டிக்குள்ள போகாது. போச்சுன்னா என்னைக் கேளுங்க!" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று மாடி ஏறிப்போய், குழல்களுக்குப் போகும் குழாயை இறுக மூடினாள்.

வீம்புக்குப் பேசியாயிற்று. தண்ணீருக்கு எங்கே போவது?

மறுநாள் பார்லரின் பின்கதவைத் திறந்தபோது பதில் கிடைத்தது. அங்கே ஏ.சி.யிலிருந்து வரும் குழாய்க்கு அடியில் ஒரு வாளி இருக்கும். சொட்டுச் சொட்டாக நாள் முழுக்க நிறையும், நிறைந்ததும் வாசலில் கொட்டிவிடுவாள். அன்றைக்கு அந்தத் தண்ணீரைப் பார்த்தாள். கண்ணாடி போலத் தெளிவு. மாடிக்கு ஓடிப்போய் மீட்டரை எடுத்துவந்து முக்கினாள். பூஜ்யத்தை ஒட்டி ஏதோ ஒரு சின்ன எண். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. காற்றிலிருந்து வருகிற தண்ணீர்! லாரி வேண்டாம், கழிவு இல்லை, யாரிடமும் நிற்க வேண்டாம். நான்கு குழல்களும் வேண்டாம், குழாயின் அழுத்தம் இல்லாமல் வாளித் தண்ணீர் அவற்றுக்குள் ஏறவும் ஏறாது. மீன்கடைக்காரரைக் கேட்டிருக்கலாம். கேட்டால் ஏதாவது நொட்டை சொல்வார் என்று விட்டுவிட்டாள். வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறியபோது, லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தும் படியிலேயே ஏறினாள். இரண்டாம் மாடிக் கதவுக்கு முன்னால் வேண்டுமென்றே நின்று நிதானமாகக் கை மாற்றினாள்.

கொஞ்ச நாள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒரு காலை, பாசி தின்னவென்று விட்டிருந்த, கண்ணாடியில் ஒட்டி ஊரும் நத்தைகளில் இரண்டு மணலில் மல்லாந்து கிடந்தன. நிமிர்த்திவிட்டாள். சாயங்காலம் நான்கு கிடந்தன. கல்லிடுக்கிலிருந்து மீசையை நீட்டிக்கொண்டு வரும் இறால் வரவே இல்லை. பச்சைப் பவளம் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டது, வெளிச்சம் போட்டும் திறக்கவில்லை. மீன்கள் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் சுற்றிக்கொண்டிருந்தன. தண்ணீர் கெட்டுவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. கெட்ட தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீரை நிறைய விட்டாள். அந்தப் புதுத் தண்ணீரும் ஏ.சி. தண்ணீர்தான். ஊதாப் பவளம் அடியிலிருந்து வெளுக்கத் தொடங்கியது.

மீன்கடைக்காரர் வந்து பார்த்தார். ஒரு சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்தைச் சொட்டு விட்டார். குப்பி நிறம் மாறியது. அவர் முகமும் மாறியது.

"தாமிரம். எங்கிருந்துக்கா தண்ணி எடுத்தீங்க?"

"ஏ.சி.லருந்து."

"வீட்டு ஏ.சி.யா?"

"பார்லர் ஏ.சி."

அவர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "வீட்டு ஏ.சி. தண்ணியையே வேணாம்னு சொல்லுவேன். உள்ள பூரா தாமிரக் குழாய். உங்க பார்லர்ல எந்நேரமும் டை வாடை. அந்த அமோனியா ஏ.சி. தண்ணில கலந்து தாமிரத்தை அரிச்சுட்டு வந்திருக்கு. நத்தைக்கும் பவளத்துக்கும் அது விஷம்கா."

"மீட்டர் சரியாத்தானே காட்டுச்சு?"

"எவ்வளவு கலந்திருக்குன்னுதான் அது காட்டும். என்ன கலந்திருக்குன்னு காட்டாது."

அவள் சமையலறைக்குள் போய் அழுதாள். முகத்தை மூடிக்கொள்ளவும் இல்லை, சத்தத்தை அடக்கவும் இல்லை. ஒரு கூட்டத்தில் நாலு பேர் சிரித்ததைத் தாங்க முடியாமல், வாயில்லாத உயிர்களுக்குத் தன் கையாலேயே விஷம் ஊற்றிவிட்டாள். மல்லாந்து கிடந்த நத்தைகளை நினைக்க நினைக்க அவளுக்கு ஆறவில்லை.

வெளியே வந்தபோது கடைக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். தாமிரத்தைப் பிடிக்கிற பஞ்சு ஒன்று இருக்கிறது, போடலாம். ஆனால் முதலில் தண்ணீரை மாற்ற வேண்டும். பாதித் தொட்டி, மறுபடி பாதித் தொட்டி, அப்படியே பல நாள். "அவ்வளவு சுத்தத் தண்ணிக்கு நீங்க எங்க போவீங்க? பேசாம பவளத்த விட்டுடுங்கக்கா. குழாத்தண்ணி மீனு நாலு தரேன், அழகா இருக்கும்."

கணவரும் மெல்ல, "விட்டுடும்மா. வேற ஏதாவது வெச்சுக்கலாம்" என்றார்.

"வேற எது?"

அவள் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை நின்று கோபம் ஏறியது. இரண்டாம் மாடிக்காரிமேல் வந்த கோபம் இல்லை. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு எழுந்து நின்று சபதம் போட்ட ஒருத்திமேல்தான் கோபம்.

"என்னங்க, அந்தக் குழாயைத் திறங்க" என்றாள்.

எது பிழைத்தது, எது போனது என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். நத்தைகள் எல்லாமே போயின. இறால் போனது. ஊதாப் பவளம் வெளுத்து வெறும் கூடாகிவிட்டது. பச்சைப் பவளத்தில் ஒரு ஓரம் மட்டும் தப்பித்து, மிக மெதுவாக, மாதக்கணக்கில், மறுபடி விரல் விட்டது. ஆனால் அதெல்லாம் பிறகு. அதற்கு முன் தண்ணீர் ஓட வேண்டியிருந்தது.

பார்லர் கண்ணாடியில் அவள் ஒரு தாள் ஒட்டினாள்: இந்த வாரம் இங்கே தலை கழுவுவதில்லை, வீட்டிலேயே கழுவிக்கொண்டு வரவும். வீட்டில் துணி துவைப்பதைத் தள்ளிப்போட்டாள். கணவர் எங்கிருந்தோ இரண்டு பெரிய டிரம் கொண்டுவந்தார், கழிவு ட்யூபை சிங்கிலிருந்து எடுத்து அதில் விட்டார்கள். குழல்கள் ஓடத் தொடங்கின. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து குழல்களுக்குத் தண்ணீர் இறங்கும் சத்தம் சுவருக்குள் ஓயாமல் கேட்டது.

செகரட்டரிக்குக் கேட்காமல் இருக்குமா? மறுநாள் காலையிலேயே வந்து வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால், தற்செயலாகப் படியேறி வந்ததுபோல், இரண்டாம் மாடிப் பெண்மணியும் நின்றாள்.

"ஒரு சொட்டு தொடமாட்டேன்னு அத்தனை பேர் முன்னாடி நீங்கதானேம்மா சொன்னீங்க?"

"ஆமா, சொன்னேன். வீம்புக்குச் சொன்னேன். இப்பத் திருப்பி எடுத்துக்கறேன்."

"அதெப்படிம்மா திருப்பி எடுக்க முடியும்?"

"எடுத்துட்டேனே."

செகரட்டரி அவள் தோளைத் தாண்டி உள்ளே பார்த்தார். டிரம்மைக் கவனித்தார். அவள் விலகி வழி விட்டாள். "பாத்துக்குங்க. சாக்கடைக்கு விட்டது என் தப்பு, ஒத்துக்கறேன். இனிமே இதுதான் எங்க பாத்ரூமுக்கு, பார்லர் தரைக்கு. மீந்தா நீங்க படிக்கட்டு கழுவ எடுத்துக்கலாம். எங்க வீட்டுக்கும் பார்லருக்கும் வர்ற தண்ணிக்கு மேல ஒரு குடம் நான் எடுக்கல. ஆனா நிறுத்தமாட்டேன்."

"இப்படி அடம் பிடிச்சா எப்படிம்மா?"

"பிடிக்கத்தான் போறேன்."

அவர் உள்ளே வந்து தொட்டிக்கு முன்னால் நின்றார். வெளுத்த பவளத்தையும் வெறும் மணலையும் பார்த்தார். அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. மனிதர் நல்லவர்தான், இல்லையென்றால் அப்படி ஒரு வழியைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்க மாட்டார்.

"ஒண்ணு செய்யலாம். பார்லர் தொழிலுக்கு இந்தத் தண்ணி தேவைன்னு சொல்லிடுங்க. வயித்துப் பொழைப்புன்னா யாரும் வாயத் திறக்க மாட்டாங்க. கூட்டத்துல நான் பேசிச் சமாளிச்சுக்கறேன்."

நல்ல யோசனை. நாலாவது பொய், கேட்காமலேயே வீடு தேடி வந்திருந்தது. அவள் சரி என்று தலையை ஆட்டினால் போதும். எல்லாம் அன்றோடு முடிந்துவிடும். கணவர் ஆவலாக அவளைப் பார்த்தார். வாசலில் இருந்த பெண்மணி கழுத்தை நீட்டினாள்.

"தொழிலுக்கு இல்லீங்க" என்றாள் அவள். "இவருக்கும் ஒண்ணும் இல்ல, நல்லா இருக்காரு. மக வாங்கிக் குடுக்கவும் இல்ல. எனக்கு வேணும்."

"உங்களுக்குன்னா… எதுக்கும்மா?"

"எதுக்கும் இல்ல. எனக்குப் பிடிச்சிருக்கு. எனக்கு வேணும்."

குழலிலிருந்து வாளிக்குள் நல்ல தண்ணீர் ஒல்லியாக விழுந்துகொண்டிருந்தது. செகரட்டரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். அவருடைய இத்தனை வருஷ சர்வீஸில் இப்படி ஒரு காரணத்தை யாரும் அவர்முன் வைத்ததில்லை போலும்.

"கூட்டத்துல கேப்பாங்களேம்மா. நான் என்னன்னு சொல்றது?"

"அவளுக்கு வேணுமாம்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, நிறைந்த வாளியை நகர்த்தி, காலி வாளியைக் குழலுக்குக் கீழே வைத்தாள்.